நோயுற்ற ஆக்சலாட்டலைப் பேணும் முறை

இக்காலத்தில் மீன் தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பெறும் உயிர்களுள் ஆக்சலாட்டல் என்பதும் ஒன்று. பலர் இதனை மீன் என்றே எண்ணுகின்றனர். இது மீன் அன்று. தவளையைப் போன்ற நீர்நில வாழ்வி, சலாமாண்டர் இனத்தைச் சார்ந்தது. பிற சலாமாண்டர்களுள் பல வளர்ந்தபின் செவுள்களை இழந்து கரையேறும். இதுவோ தலையின் இருபுறமும் இறகு போன்ற செவுள்களுடன் வாழ்நாள் முழுவதும் நீரிலேயே வாழும். நன்கு பேணப்பட்டால் 10 முதல் 15 ஆண்டுகள் வரை உயிர்வாழக் கூடியது.

இதன் தாயகம்

மெக்சிகோ நகரின் தென்பகுதியிலுள்ள சோச்சிமில்கோ ஏரியும் அதன் கால்வாய்களுமே இன்று இதன் இயற்கை வாழிடம். அங்கு 1998-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 என இருந்த எண்ணிக்கை, 2014-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 36 எனச் சுருங்கியது. நீர் மாசுற்றமையும், புதிதாக விடப்பட்ட கெண்டை, திலேப்பியா மீன்களுமே இதற்கு முக்கிய காரணங்கள். 1864-ஆம் ஆண்டு பாரிஸ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்ட சிலவற்றின் வழித்தோன்றல்களே இன்று ஆய்வுக்கூடங்களில் உள்ளவற்றுள் பலவும். அறுபட்ட காலை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் ஆற்றலால் இவ்வுயிர் அறிவியலார் கருத்தைக் கவர்ந்தது. ஆனால், காலை வளர்த்துக்கொள்ளும் அவ்வுயிரே கெட்ட நீரில் சில நாட்களில் மடிந்துவிடும். இதனை நாம் மறத்தல் ஆகாது.

நோயின் அறிகுறிகள்

செவுள்கள் முன்னோக்கி வளைதல், வால் நுனி சுருளுதல், உணவை மறுத்தல், அமைதியின்றி அலைதல், கீழே அமர இயலாது மிதத்தல், செவுள்களில் பஞ்சு போன்ற வெண்பூஞ்சை படர்தல் ஆகியன பொதுவான அறிகுறிகள். வயிற்றிலும் கால்களிலும் தோல் சிவத்தல், புண் காணுதல் ஆகியன கடுமையான நோய்க்கு அடையாளம்.

முதல் மருந்து நீரே

அறிகுறி கண்டவுடன் மருந்தைத் தேடி ஓடுதல் பலரது வழக்கம். அது முறையன்று. இவ்வுயிர் தோலின் வழியாகவும் மூச்சுவிடுவது. நீரில் உள்ள நஞ்சு எதுவாயினும் உடலுள் எளிதில் புகும். ஆகவே முதலில் ஆராய வேண்டியது நீரையே.

வெப்பம்: நீரின் வெப்பம் 16 முதல் 18 பாகை செல்சியஸ் வரை இருத்தல் நலம். 20-ஐக் கடந்தால் உடல் தளரும். 24-க்கு மேல் நீடித்தால் உயிருக்கே ஊறு. வெப்பம் ஏற ஏற நீரில் உயிர்வளி குறையும், நோய்க்கிருமிகள் பெருகும். நீர்ப்பரப்பின் மீது மின்விசிறிக் காற்றுப் படச்செய்தால் சில பாகைகள் குறையும். வெப்ப மிகுந்த ஊர்களில் நீரைக் குளிர்விக்கும் கருவியின்றி இதனை வளர்த்தல் இயலாது.

தூய்மை: கழிவிலிருந்து அம்மோனியா தோன்றும், நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும். புதிய தொட்டியில் அந்நுண்ணுயிர்கள் நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சிறிதும் இருத்தல் கூடாது. சோதனை மருந்துகள் மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும். வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் குளோரினால் அந்நுண்ணுயிர்கள் மடியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக.

சிகிச்சை முறை

1. நோயுற்றதைத் தனிப் பாத்திரத்தில், குளோரின் நீக்கிய தூய நீரில் விடுக. நாள்தோறும் நீர் முழுவதையும் மாற்றுக. புதுநீரும் பழைய நீரும் ஒரே வெப்பத்தில் இருத்தல் வேண்டும்.

2. வெளிச்சத்தைக் குறைத்து, அமைதியான இடத்தில் வைக்க. கையால் அடிக்கடி தொடுதல் தோலைப் புண்படுத்தும்.

3. பூஞ்சை கண்டால், ஒரு லிட்டர் நீருக்கு 2 தேக்கரண்டி வீதம் அயோடின் சேராத உப்பைக் கரைத்து, அதில் 10 நிமிடம் மட்டும் வைத்து எடுக்கலாம். நாளுக்கு இருமுறைக்கு மேல் வேண்டா. நேரம் மிகுந்தால் உப்பே செவுளை அரிக்கும்.

4. செம்பு கலந்த மீன் மருந்துகளை ஒருபோதும் இடற்க.

5. உணவு உண்ணாது வீங்கி மிதந்தால், கூழாங்கல் விழுங்கியிருத்தல் கூடும். தொட்டியில் சிறுகற்களை இடாமையே இதற்குக் காப்பு.

6. தோல் சிவத்தல், புண், நாட்கணக்கில் உண்ணாமை ஆகியவற்றிற்குக் கால்நடை மருத்துவரை நாடுக. குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. மருத்துவர் கூறாமல் அதனைச் செய்தல் வேண்டா.

வாங்குமுன் சிந்திக்க

ஆக்சலாட்டல் ஊனுண்ணி. மண்புழு போன்றவையே அதன் உணவு. கடையில் விற்கும் உருண்டைத் தீனியும் பெரும்பாலும் மீன்தூளால் ஆனதே. தாவர உணவால் அது உயிர்வாழாது. அன்பர்களே! பிள்ளைகள் விரும்பிக் கேட்டாலும், நம் இல்லத்திற்கு இது ஏற்குமா என்பதை வாங்குமுன்னரே எண்ணிப் பார்த்தல் பெற்றோர் கடன். பரிசாகவோ பிறவகையிலோ இல்லம் வந்துவிட்டதாயின், உணவின் பொருட்டு அதனைப் பட்டினியிடுதலும் குளத்தில் விட்டுவிடுதலும் தீங்கேயாகும். குளத்து வெப்பத்தில் அது மடியும்; அதன் நோய் அங்குள்ள தவளைகளுக்கும் பரவக்கூடும். பேண இயலாதவர், முறையறிந்து வளர்ப்பவரிடம் ஒப்படைத்தலே தக்கது.

வாய்திறந்து நோயைச் சொல்ல இயலாத உயிர் அது. அதன் நீரை நாள்தோறும் நோக்குபவர், அதன் நோயை வருமுன்னரே அறிவர்.

பிள்ளைகளுக்கான வினாக்கள்

1. ஆக்சலாட்டல் மீன் அன்று என்பது எவ்வாறு?

2. நோய் கண்டவுடன் முதலில் நீரை ஆராய்வது ஏன்?

3. வளர்க்க இயலாதபோது குளத்தில் விடலாகாது என்பதற்குக் காரணங்கள் யாவை?