காசு குறைந்தால் கதை கூர்மையாகட்டும்

அன்புள்ள தமிழினி,

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் கைப்பேசியிலேயே ஒரு குற்றப்படம் எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். பணமில்லாமல் அது தேறுமா என்றும் கேட்டிருந்தாய். தேறும். அறுபதுகளிலேயே நம் ஆட்கள் அதற்கு வழி போட்டிருக்கிறார்கள். அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு, கண்டிப்பாக விட்டுவிட வேண்டியதும் உண்டு.

சேலத்தில், ஏற்காடு போகும் சாலையில், டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கியது மாடர்ன் தியேட்டர்ஸ். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப் எல்லாம் ஒரே வளாகத்தில். கலைஞர்களுக்கு மாதச் சம்பளம். 1963இல் அவர் மறைந்தபின் மகன் ராமசுந்தரம் துப்பறியும் படங்களில் இறங்கினார். 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) இரண்டிலும் ஜெய்சங்கர்தான் நாயகன். 1965இல் 'இரவும் பகலும்' படத்தில் அறிமுகமானவரை மக்கள் சில ஆண்டுகளிலேயே 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்றார்கள். மேல்நாட்டு பாண்ட் படங்களின் பணம் இங்கே ஏது? இருக்கிற தளம், இருக்கிற ஆட்கள், இந்தி மெட்டுகளைத் தழுவி வேதா அமைத்த பாட்டுகள். இவற்றை வைத்தே அரங்கை நிறைத்தார்கள்.

அமெரிக்காவில் ரோஜர் கோர்மனும் இதைத்தான் செய்தார். வேறொரு படத்துக்குப் போட்ட செட் கலைக்கப்படுமுன், 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' (1960) படத்தின் பெரும்பகுதியை இரண்டே நாளில் எடுத்து முடித்தார். ஆகவே முதலில் கையிலிருப்பதைக் கணக்கெடு: ஒரு வீடு, கடைசி பஸ், பூண்டு வயல், மூன்று தோழிகள். அதற்குள் அடங்கும் கதையை எழுது.

அடுத்து எஸ். பாலசந்தரின் 'பொம்மை' (1964) படத்தைத் தேடிப் பார். ஒருவரைக் கொல்வதற்காக வெடிகுண்டு வைத்த பொம்மை, கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் சுற்றுகிறது. குண்டு இருப்பது நமக்குத் தெரியும். பொம்மையை வைத்திருப்பவருக்குத் தெரியாது. திகில் முழுவதும் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. அதற்குப் பணம் வேண்டாம், யோசனை வேண்டும்.

உன் மேல்மலையில் மூடுபனி இலவசம். ஆனால் அதை மட்டும் நம்பாதே. ஒரு ஷாட்டில் இருக்கும் பனி அடுத்த ஷாட்டுக்குள் கலைந்துவிடும், இரண்டும் ஒட்டாது. பனி வேண்டிய காட்சியை ஒரே மூச்சில் எடுத்துவிடு. 'குணா' (1991) படம் எடுக்கப்பட்டபின் எல்லோருக்கும் தெரிந்துபோன குகையை விட்டுவிடு. பேரிஜம் ஏரிப் பக்கம் போவதானால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொள். சோலைக்காட்டில் குப்பை போடாதே.

இனி, விட வேண்டியது. அந்தக் காலப் படங்கள் பலவற்றில் கொள்ளைக் கூட்டத்துக்கு ஒரு கிளப் நடனக்காரி இருப்பாள். கேமரா அவள் உடம்பை மேய்ந்து டிக்கெட் விற்கும். கடைசியில் அவள் மனம் திருந்தி, நாயகனுக்கு வரும் குண்டைத் தான் வாங்கிச் சாவாள். அவளுக்காக யாரும் அழ மாட்டார்கள். காட்டுவாசி என்றால் ஈட்டியும் கூச்சலும்தான். முதல் இல்லாதவர்கள் பெண்ணையும் ஏழையையும் முதலாகப் போட்டார்கள். இது தவறு, காசு குறைவு என்பது இதற்குச் சாக்காகாது. ஜெய்சங்கர் படங்களை விரும்பிப் பார்க்கும் நானே இதைச் சொல்கிறேன்.

உன் படத்தில் பிணத்தைக் காட்டாதே, இல்லாமல் போனவரின் வெறுமையைக் காட்டு. பழனி மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் பளியர்களைப் பயமுறுத்தும் பொம்மைகளாக்காதே. வேலை செய்த ஒவ்வொருவர் பெயரையும் கடைசியில் போடு.

கதையை எழுதியதும் அனுப்பு. கொலையுண்டவளுக்கு ஒரு பெயரும் ஒரு வாழ்க்கையும் கொடுத்திருக்கிறாயா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
பெரியப்பா