தைப்பட்ட விதை வியாபாரம்: வாங்கும்போதும் விற்கும்போதும் கவனிக்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும், மாடம்பாக்கம், சேலையூர், அகரம்தென் பகுதி மளிகைக் கடைகளில் காய்கறி விதையும் பூ விதையும் கேட்டு வருவோர் அதிகரிப்பர். மாடித்தோட்டம் போடுவோரும், வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி வைத்திருப்போருமே இவர்களில் அதிகம். விதை பாக்கெட் சிறிய சரக்குதான். ஆனால் அது முளைக்காவிட்டால் வாடிக்கையாளருக்குப் பட்டமே வீணாகும். பிறகு அரிசி, பருப்பு வாங்கவும் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

எதை வாங்குவது?

தைப்பட்டத்துக்கு வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை, பாகல், புடலை, பீர்க்கு, சுரை, கீரை வகைகள் ஏற்றவை. தக்காளி விதையை மார்கழியிலேயே கடைக்குக் கொண்டுவந்து தை முடிவதற்குள் விற்றுவிடுவது நல்லது. தாமதித்து விதைத்தால் கோடை வெப்பத்தில் பூ உதிர்ந்து காய்ப்பு குறையும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பீட்ரூட் விதைகளைச் சமவெளியில் ஐப்பசி, கார்த்திகையிலேயே விதைத்திருக்க வேண்டும். மொத்தக் கடையில் மலிவாகத் தள்ளினாலும் இப்போது வாங்காதீர்கள்.

பூ விதையில் செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை, சீனியா ஆகியவை வெயிலைத் தாங்கும். செண்டுமல்லி விதைத்த இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும். மல்லிகைக்கு விதை கேட்பவரிடம், அது பதியன் அல்லது குச்சி வைத்து வளர்ப்பது என்று சொல்லி அனுப்புங்கள்.

லேபிளில் என்ன பார்ப்பது?

சான்று விதைக்கு நீல அட்டை. உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டை. ரகம், குவியல் எண், முளைப்புத் திறன், பரிசோதனை தேதி, காலாவதி தேதி ஆகிய ஐந்தையும் பாருங்கள். பரிசோதனை செய்த நாளிலிருந்து 9 மாதம் வரை விதை செல்லும். ஜூனில் பரிசோதித்தது மார்ச்சில் முடியும். அக்டோபரில் பரிசோதித்தது ஜூலை வரை நிற்கும். ஆகவே புதிய தேதியுள்ள பாக்கெட்டையே கேட்டு வாங்குங்கள்.

வீரிய ஒட்டு ரகமானால் அதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும். அதன் காயிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போலவே வராது.

கடையிலேயே சோதனை

பாக்கெட் ஒன்றைப் பிரித்து 100 விதைகளை எண்ணி, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி நிழலில் வையுங்கள். துணி காயக்கூடாது. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு 14 நாள் பொறுக்க வேண்டும். குறைந்தபட்ச முளைப்புத் தரம் தக்காளி, கத்தரிக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய், பாகல், சுரைக்கு 60. இதற்குக் குறைந்தால் அந்தக் குவியலை விற்காமல் பில்லுடன் திருப்பிக் கொடுங்கள்.

இருப்பு வைக்கும் முறை

ஈரமும் வெப்பமும் விதையின் உயிரைக் குறைக்கும். நம் பகுதிக் காற்றில் ஈரம் அதிகம். எனவே பாக்கெட்டுகளை மூடி இறுகிய டப்பாவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். கடை வாசலில் சரமாகத் தொங்கவிடுவதைத் தவிர்க்கவும். சாயம் ஏறிய விதையில் பூஞ்சாண மருந்து கலந்திருக்கும். அதை உணவுப் பொருள் பக்கம் வைக்கவே கூடாது. மிஞ்சினாலும் சமையலுக்கோ, கோழித் தீவனத்துக்கோ கொடுக்கக் கூடாது.

சட்டம் சொல்வது

விதை விற்க, 1983-ம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தனி உரிமம் தேவை. மளிகைக் கடை லைசென்ஸ் இதற்குச் செல்லாது. இருப்பும் விலையும் எழுதிய பலகை வைக்க வேண்டும். வாங்குவோருக்குப் பில் தர வேண்டும். 1966-ம் ஆண்டு விதைச் சட்டப்படி, அறிவிக்கை செய்யப்பட்ட ரகங்களை லேபிள் இல்லாமல் விற்பது குற்றம். பெரிய பாக்கெட்டைப் பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துவது நல்லது.

சமையல் கொத்தமல்லியையும் வெந்தயத்தையும் சிலர் விதைக்க வாங்குவதுண்டு. அதை மளிகைச் சரக்காகவே பில் போடுங்கள். "விதை" என்று எழுதி விற்காதீர்கள்.

முதல் ஆண்டு ஆறேழு வகையோடு தொடங்குங்கள். எந்த வகை எத்தனை பாக்கெட் போனது என்று குறித்து வைத்தால், வரும் ஆடிப்பட்டத்துக்குக் கொள்முதல் செய்ய அந்தக் கணக்கே போதும்.