தோலின் சாந்து: செராமைடு

தோல் நோய்ப் பிரிவுக்கு வருவோர் பலர், கையிலுள்ள களிம்பின் உறையைக் காட்டி, “இதில் செராமைடு என்று போட்டிருக்கிறதே, அது என்ன? விலை குறைந்த வேறொன்றைப் பூசினால் ஆகாதா?” என்று வினவுகின்றனர். மாதக்கணக்கில் வாங்க வேண்டிய பொருளாதலின், நியாயமான வினாவே.

மேல்தோலின் வெளியடுக்கைச் செங்கற்சுவருக்கு ஒப்பிடுவது மருத்துவ நூல்களின் வழக்கம். உயிரற்ற தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றினிடையே நிரம்பியுள்ள கொழுப்பு சாந்து. அச்சாந்தின் எடையில் ஏறத்தாழ 50 விழுக்காடு செராமைடு, 25 விழுக்காடு கொலஸ்ட்ரால். எஞ்சியதில் பெரும்பகுதி கொழுப்பமிலங்கள். (இரத்தத்தில் மிகுந்தால் அஞ்சப்படும் கொலஸ்ட்ரால், தோலில் காவலுக்கு நிற்கிறது.) உடலின் நீர் ஆவியாகி வெளியேறாமலும், கிருமியும் ஒவ்வாப் பொருள்களும் உட்புகாமலும் காப்பது இச்சாந்தே. அடோபிக் கரப்பான் உள்ளோரின் தோலில் செராமைடு குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சாந்து உதிர்ந்த சுவர்போல் தோல் வறள்கிறது. வறட்சி அரிப்பைத் தருகிறது. சொறியச் சொறிய விரிசல் பெருகுகிறது. முதுமையிலும் இக்குறைவு நேர்கிறது.

களிம்புகளில் சேர்க்கப்படும் செராமைடு பெரும்பாலும் ஆலைகளில் உருவாக்கப்படுவது. ஆயினும் அமைப்பில் தோலிலுள்ளதை ஒத்தது. உறையில் செராமைடு என்பி, ஏபி, ஈஓபி என்ற பெயர்கள் பட்டியலின் கடைசியில் இருப்பது கண்டு ஏமாற்று என்று எண்ண வேண்டா. சிறிதளவே சேர்ப்பது வழக்கம். அதனுடன் கொலஸ்ட்ராலும் கொழுப்பமிலமும் உள்ளனவா என்று பார்ப்பது நன்று. சாந்துக்கு மூன்றும் வேண்டும்.

விலையைப் பற்றி எங்கள் கருத்தை மறைக்காமல் கூறுகிறோம். உடல் முழுதும் வறண்ட குழந்தைக்கு வாரத்திற்கு 250 கிராம் களிம்பேனும் தேவைப்படலாம். விலையுயர்ந்த சிறு குழாயை மிச்சம் பிடித்துத் தொட்டுத் தடவுவதினும், மணமற்ற பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகப் பூசுவது மேல். இயன்றவர்கள் செராமைடு களிம்பை வாங்கலாம். இயலாதவர்கள் குழந்தைக்குக் குறை வைத்துவிட்டோம் என்று வருந்த வேண்டியதில்லை. எதுவாயினும், குளித்தபின் துணியால் ஒற்றி, ஈரம் முற்றும் உலருமுன், சில நிமிடங்களுக்குள் பூசுக. காரம் மிகுந்த சோப்பைத் தவிர்க்காமல் களிம்பை மட்டும் மாற்றுவதால் பயன் சிறிது.

எங்களுக்குக் கவலை தருவது வேறொன்று. ஸ்டீராய்டு என்னும் சொல்லுக்கு அஞ்சி, மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்திவிட்டுச் செராமைடு களிம்பை மட்டும் நம்பும் பெற்றோர் உள்ளனர். செராமைடு சுவரைச் செப்பனிட உதவும். சிவந்து கொதிக்கும் அழற்சியை அது தனித்துத் தணிக்காது. இரண்டும் உரிய காலத்தில் வேண்டும். புண்ணில் நீர் வடிந்தாலோ, மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ, காய்ச்சல் கண்டாலோ காத்திராமல் வருக.

நீரிழிவு உள்ளோர் பாதத்திலும் குதிகாலிலும் பூசலாம். விரலிடுக்குகளில் வேண்டா, அங்கு ஈரம் தங்கினால் பூஞ்சை பற்றும்.

தலைமுடியிலும் சிறிதளவு செராமைடு உண்டு. சாயமும் வெளுப்பும் முடியின் கொழுப்பைக் குறைக்கின்றன. கண்டிஷனரிலுள்ள செராமைடு முடியின்மேல் படிந்து மென்மை தரும். முடி உதிர்தலை நிறுத்தாது. புற்றுநோய் மருந்தால் முடி இழந்தோர் இதற்கெனச் செலவிட வேண்டா. சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலோர்க்கு முடி தானே முளைக்கும்.