ஓராண்டின் கண்சாட்சி: உலகச் செய்திப்படத் தொகுப்புகள்

நாளேட்டில் வெளிவரும் செய்திப்படத்தின் ஆயுள் ஒரு நாளே. மறுநாள் அத்தாள் பொட்டலம் கட்டப் பயன்படுகிறது. அவ்வாறு மறையும் படங்களைத் தேர்ந்தெடுத்து நிலையான ஆவணமாக்குவதே ஆண்டுத் தொகுப்புகளின் பணியாகும்.

இவற்றுள் உலகெங்கும் அறியப்பட்டது 'வேர்ல்டு பிரஸ் போட்டோ' ஆண்டு மலர். நெதர்லாந்தில் 1955ஆம் ஆண்டு தொடங்கிய போட்டியிலிருந்து வளர்ந்தது இது. நடுவர் குழு தேர்ந்தெடுக்கும் படங்கள் நூலாக வெளிவருவதுடன், கண்காட்சியாகவும் நாடு நாடாகச் செல்கின்றன. போரும் பஞ்சமும் விளையாட்டும் அன்றாட வாழ்க்கையும் அடுத்தடுத்த பக்கங்களில் அமைவதால், தனித்தனிச் செய்திகளில் புலப்படாத ஒப்புமை புலப்படுகிறது.

இரு இந்தியப் படங்கள்

1984 டிசம்பர் 2-3 இரவில், போபாலின் யூனியன் கார்பைடு தொழிற்சாலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மண்ணில் புதைக்கப்படும் ஒரு குழந்தையின் முகத்தைக் காட்டும் பாப்லோ பார்த்தலோமியுவின் படம் அவ்வாண்டின் சிறந்த படமாயிற்று. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2004 டிசம்பர் 26 சுனாமியில் உறவினரை இழந்து கடலூர் மணலில் விழுந்து கதறும் பெண்ணை ஆர்கோ தத்தா எடுத்த படம் அதே சிறப்பைப் பெற்றது.

இரு படங்களிலும் துயரம் ஒன்றுபோலவே தோன்றுகிறது. காரணங்களோ வேறு. ஒன்று தொழிற்சாலைப் பாதுகாப்பின் சீர்குலைவு. மற்றது கடலடி நிலநடுக்கம். இவ்வேறுபாட்டைப் படம் கூறாது. படக்குறிப்புதான் கூற வேண்டும். தீர்வுகளும் வேறானவை. போபாலுக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சுனாமிக்குப் பின் 2007இல் ஐதராபாத்தில் முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. இவற்றைப் படங்கள் மட்டுமே கொண்டுவந்துவிடவில்லை. எனினும் நிகழ்ந்ததை மறப்பதை அவை கடினமாக்கின. போபாலுக்கு 1989இல் 47 கோடி டாலர் இழப்பீடு முடிவான பின்னரும், கூடுதல் இழப்பீடு கோரும் வழக்கு 2023 வரை நீடித்தது.

பரிசும் பொறுப்பும்

உகாண்டாவின் கரமோஜா பஞ்சத்தில், பாதிரியாரின் உள்ளங்கையில் கிடக்கும் சிறுவனின் மெலிந்த கையை மைக் வெல்ஸ் எடுத்த படம் 1980ஆம் ஆண்டின் பரிசைப் பெற்றது. அதனைப் போட்டிக்கு அனுப்பியவர் அவரல்லர். மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது பல மாதங்கள் அதனை வெளியிடாதிருந்த இதழே போட்டிக்கு அனுப்பியது. பட்டினியால் சாவோரின் படத்துக்குப் பரிசு பெற அவர் மனம் ஒப்பவில்லை. உரிய காலத்தில் வெளிவராத படம் ஆவணமாக நிலைக்கலாம். உதவிக்கான அழைப்பாக முடியாது.

தொகுப்புகளுக்கு மற்றொரு குறையும் உண்டு. நிலத்தடி நீர் குறைவதும் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவும் ஒரு நொடியில் நிகழ்வன அல்ல. ஆகவே அவை ஒரே படத்தில் எளிதில் அகப்படுவதில்லை. தொகுப்பைக் காண்போர் படத்துடன் இடம், ஆண்டு, காரணம், அதன்பின் எடுக்கப்பட்ட நடவடிக்கை ஆகியவற்றையும் தேடி அறிதல் வேண்டும். அப்போதுதான் இரக்கம் பொதுக் கடமையுணர்வாக வளரும்.