படித்தவர் மொழியும் தோல் ஷாப் மொழியும்

படித்தவன் பேசும் மொழி எது என்று நம் வகுப்பில் யாரைக் கேட்டாலும் ஆங்கிலம் என்றே விடை வரும். ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பக்கங்களிலிருந்து வரும் நமக்கு வீட்டில் தமிழ் உண்டு. அண்டை வீட்டில் உருது உண்டு. ஆயினும் அவற்றைப் 'படித்த பேச்சு' என நாம் எண்ணுவதில்லை. மேடைத் தமிழையோ 'தமிழய்யா தமிழ்' என்று சிரித்துத் தள்ளிவிடுகிறோம்.

இவ்வெண்ணம் சரிதானா? வேதியியல் மாணவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே பார்க்கிறேன். என் தந்தையார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். தோல் ஷாப்பில் டிரம் பார்ப்பவர். சுண்ணாம்பு நீங்கிவிட்டதா என்றறிய, தோலை வெட்டி, வெட்டிய இடத்தில் இரண்டு சொட்டு மருந்து விடுவார். சிவந்தால் உள்ளே காரம் இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் அடுத்த வேலைக்கு விடலாம். அம்மருந்து, நாம் முதலாண்டுச் செய்முறையில் கையாண்ட பினாப்தலீன்தான்! குரோம் ஏறியதா என்று பார்க்க ஒரு துண்டைக் கொதிநீரில் போடுவார்கள். சுருங்காவிட்டால் பதமாயிற்று. கொலாஜன் இழைகளைக் குரோமியம் குறுக்கே பிணைப்பதால் தோல் வெப்பம் தாங்குகிறது என்பது நம் புத்தகம் கூறும் காரணம்.

இன்னொன்று. டிரம், பிக்கிள், வெட் புளூ என்று தந்தையார் நாவில் ஆங்கிலச் சொற்கள் ஏராளம். அவரை ஆங்கிலம் தெரிந்தவர் என்று யாரும் சொன்னதில்லை. நாற்காலியில் இருப்பவர் சொன்னால்தான் அது ஆங்கிலம் போலும்!

தமிழில் அறிவியல் ஏறாது என்பாரும் நம்மில் உளர். 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், பின்னாளில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழ்வழிப் படித்தோர்க்கு அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் அதே ஆண்டில் வந்ததே.

ஆனால் தோல் ஏற்றுமதி அரசுப் பணியன்று. நம் மூத்த மாணவர் ஒருவர், ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் கொதிநீர்ச் சோதனை பற்றிக் கேட்டபோது, சிறு வயது முதல் கண்ணால் கண்டதை ஆங்கிலத்தில் தொடங்க வழியின்றி எழுந்து வந்தார். அவ்வேலை கைக்கு எட்டவில்லை. ஆகவே, ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அதைத் தெரிந்ததிலிருந்து தொடங்கிக் கற்பித்தால் நமக்கு எளிது என்கிறேன்.

இவ்வாண்டு என் செய்முறைக் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் தோல் ஷாப் சொற்களையும், எதிரே பாடநூற் சொற்களையும் எழுதி வருகிறேன். 42 சேர்ந்துள்ளன. ஒன்பதுக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது. விரிவுரையாளர்கள் பார்த்துச் சொன்னால் நிரப்பிக்கொள்வேன்.