ரத்தப் பரிசோதனையிலேயே குடல் புற்றுநோய் தெரிஞ்சிடுமா?

போன மாசம் எங்க மாமா வாட்ஸ்அப்பில் ஒரு லேப் ரிப்போர்ட் அனுப்பினார். 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜில் எடுத்தது. சிஇஏ என்ற இடத்தில் 4.2, பக்கத்தில் '3-க்குள் இருக்க வேண்டும்' என்று போட்டிருந்தது. கூகுளில் தேடினால் முதலில் வந்தது பெருங்குடல் புற்றுநோய். மனுஷன் ரெண்டு நாள் தூங்கலை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சிகரெட் பிடிப்பீங்களா?"

பிடிப்பார். புகை பிடிக்கிறவங்களுக்கு இந்த அளவு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். கல்லீரல் கோளாறு, குடல் அழற்சி இருந்தாலும் ஏறும். சிஇஏ என்பது ஒரு புரதம். 1965-ல் கனடாவின் மான்ட்ரியலில் பில் கோல்டு, சாமுவேல் ஃப்ரீட்மேன் என்ற இருவர் இதைக் கண்டறிந்தார்கள். ஆரம்பநிலை புற்றுநோயில் பல நேரம் இது ஏறவே ஏறாது. அதனால் நோய் இருக்கா, இல்லையா என்று கண்டுபிடிக்க இதை நம்ப முடியாது. ஏற்கெனவே குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர்களுக்கு நோய் திரும்ப வருதா என்று பார்க்கத்தான் டாக்டர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை இதை எடுக்கச் சொல்வார்கள். ஆரோக்கியமா இருக்கிறவருக்கு பேக்கேஜில் இதைச் சேர்ப்பது வீண் பயத்துக்குத்தான் என்பது என் கருத்து.

அப்போ புதுசா எதுவும் வரலையா? வந்திருக்கு. புற்றுநோய் செல்கள் சிதையும்போது அவற்றின் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் கலக்கும். அவற்றைத் தேடிப் பிடிக்கும் 'ஷீல்டு' என்ற பரிசோதனைக்கு 2024 ஜூலையில் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. 45 வயதைத் தாண்டிய, சராசரி ஆபத்து உள்ளவர்களுக்கானது இது. சுமார் 8,000 பேரிடம் நடந்த ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய் இருந்த 65 பேரில் 54 பேரை இது சரியாகக் காட்டியது. கேட்க நல்லா இருக்கு, இல்லையா? ஆனால் புற்றுநோயாக மாறக்கூடிய பெரிய பாலிப் கட்டிகளில் 100-க்கு 13-ஐத்தான் பிடித்தது. நோய் எதுவும் இல்லாதவர்களிலும் பத்தில் ஒருவருக்கு 'இருக்கலாம்' என்று வந்தது.

விஷயமே அந்த 13-ல்தான் இருக்கு. பாலிப் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பல வருஷம் ஆகும். அதுக்குள்ள கொலோனோஸ்கோபியில் பார்த்து வெட்டி எடுத்துட்டா, நோய் வராமலே தடுக்கலாம். ரத்தப் பரிசோதனையால் அந்த வேலையைச் செய்ய முடியாது. அதில் 'இருக்கலாம்' என்று வந்தாலும், உறுதிப்படுத்தக் கொலோனோஸ்கோபிக்குத்தான் போகணும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய மலப் பரிசோதனையும் இருக்கு. சொல்லக் கூச்சமா இருக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கூச்சம்தான் நம்ம ஊரில் பெரிய சிக்கல். மலத்தில் ரத்தம் வந்தால் "மூலம்தான், சூடு" என்று சொல்லி நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டே மாதங்களைக் கடத்திவிடுகிறோம். ரத்தம் வந்தாலோ, வழக்கமான மலப்போக்கு மாறி சில வாரங்கள் நீடித்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, ரத்தசோகை என்று சொன்னாலோ, எந்த லேப் பேக்கேஜும் வேண்டாம்; நேரா அரசு மருத்துவமனைக்குப் போங்க. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் அதைச் சொல்லுங்க. எங்கே போவது என்று தெரியலைன்னா 104-க்கு போன் பண்ணிக் கேட்கலாம்.

மாமாவுக்கு டாக்டர் மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கார். சிகரெட்டை விடச் சொல்லியும் எழுதியிருக்கார். முதலாவதைச் செய்துவிட்டார்.