எந்த வீட்டில் இணையம்? – கணிப்பொறியின் கணிப்பும் நம் கடமையும்

வருவதை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் ஆவல் மனித குலத்தோடு பிறந்தது. ஈசல் பறந்தால் மழை வரும் என்றும், தும்பி தாழப் பறந்தால் மழை நெருங்கிவிட்டது என்றும் நம் நாட்டு உழவர்கள் சொல்லி வந்திருக்கின்றனர். இதை எந்த நூலும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. பல்லாண்டுகள் வானத்தையும் வயலையும் பார்த்துப் பார்த்து, எதனோடு எது சேர்ந்து வருகின்றது என்பதை மனத்தில் பதித்துக்கொண்டனர்.

இன்று கணிப்பொறியும் இதே வேலையைச் செய்கின்றது. கடந்த கால விவரங்களை ஏராளமாகக் கொடுத்தால், எதனோடு எது சேர்ந்து வருகின்றது என்பதைத் தானே கண்டுபிடித்து, நாம் இன்னும் பாராத ஒன்றைப் பற்றிக் கணித்துச் சொல்கின்றது. இதற்கு மெஷின் லேர்னிங், அதாவது இயந்திரக் கற்றல் என்று பெயர். செக்கர்ஸ் என்னும் பலகை ஆட்டத்தைக் கணிப்பொறிக்குப் பழக்கிய அமெரிக்க அறிஞர் ஆர்தர் சாமுவேல், 1959ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையின் மூலம் இப்பெயர் பரவியது.

அன்புத் தோழியரே! இந்தக் கலையை ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பயில்வோம். வளரும் நாடு ஒன்றில், எந்த வீட்டில் இணைய வசதி இருக்கும், எந்த வீட்டில் இராது என்பதை வீட்டுக்குள் நுழையாமலே சொல்ல முடியுமா?

கேள்வியின் தேவை

ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, உலகில் சுமார் 550 கோடிப் பேர் இணையத்தைப் பயன்படுத்தினர். 260 கோடிப் பேர் பயன்படுத்தவில்லை. செல்வம் மிகுந்த நாடுகளில் நூற்றுக்கு 93 பேருக்கு இணையம் எட்டியிருந்தது. மிக வறிய நாடுகளில் நூற்றுக்கு 27 பேருக்கே எட்டியிருந்தது.

இந்தக் குறையைப் போக்கக் கம்பி வடம் இழுக்க வேண்டும், கோபுரம் நிறுத்த வேண்டும், ஏழைகளுக்குச் சலுகை தர வேண்டும். எல்லாவற்றிற்கும் பணம் வேண்டும். எந்த ஊருக்கு முதலில் செய்வது? ஆண்டுதோறும் வீடு வீடாகச் சென்று கேட்க எந்த அரசாலும் இயலாது. இந்தியாவில் மட்டும் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 24 கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன. ஆகவே சில வீடுகளைக் கேட்டு, மற்றவற்றைக் கணிக்கும் வழி தேவைப்படுகின்றது.

பாடப் புத்தகம் எது?

இயந்திரம் கற்பதற்கு விவரங்களே பாடப் புத்தகம். நம் நாட்டுத் தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று, 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை நடைபெற்றது. அதில் 1,13,757 குடும்பங்களிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. நூற்றுக்கு 23.8 வீடுகளில் இணைய வசதி இருந்தது. கிராமங்களில் இது 14.9, நகரங்களில் 42.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால் அந்தச் சோற்றை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். மேலாக நிற்கும் பருக்கையை மட்டும் பார்த்தால், அடியில் குழைந்ததோ தீய்ந்ததோ தெரியாது. மலைக் கிராமத்தையும் குடிசைப் பகுதியையும் விட்டுவிட்டு எடுத்த மாதிரி, எத்தனை பெரிதானாலும் நம்மை ஏமாற்றிவிடும்.

இயந்திரம் எவ்வாறு கற்கின்றது?

பல முறைகளுள் எளிதானது தீர்மான மரம் என்பதாகும். பிரைமன், ஃப்ரீட்மன், ஓல்ஷன், ஸ்டோன் என்னும் நால்வர் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இதைப் புகழ்பெறச் செய்தது. பெயர் பெரிதாயினும் பொருள் எளிது. கற்பனையாகப் பத்து வீடுகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் நான்கில் இணையம் உண்டு, ஆறில் இல்லை.

முதலில், "மாதச் செலவு பத்தாயிரம் ரூபாய்க்கு மேலா?" என்று கேட்கிறோம். மேல் என்ற ஐந்து வீடுகளில் மூன்றில் இணையம் உண்டு. கீழ் என்ற ஐந்தில் ஒன்றில் உண்டு. செலவு மிகுந்த வீடுகளில் உண்டு, மற்றவற்றில் இல்லை என்று இக்கேள்வியைக் கொண்டு சொன்னால், முதற் குழுவில் இரண்டும் மறு குழுவில் ஒன்றுமாக மூன்று வீடுகளில் பிழை வரும்.

இப்போது கேள்வியை மாற்றி, "பத்தாம் வகுப்பு வரை படித்தவர் எவரேனும் வீட்டில் உண்டா?" என்று கேட்கிறோம். உண்டு என்ற ஐந்து வீடுகளில் நான்கில் இணையம் இருக்கின்றது. இல்லை என்ற ஐந்தில் ஒன்றிலும் இல்லை. இக்கேள்வியால் வரும் பிழை ஒன்றே. ஆகவே இயந்திரம் படிப்பைப் பற்றிய கேள்வியை மரத்தின் அடியில் வைக்கின்றது. பிறகு, படித்தவர் உள்ள ஐந்து வீடுகளைச் செலவைக் கேட்டுப் பிரிக்கின்றது. செலவு மிகுந்த மூன்றிலும் இணையம் உண்டு. செலவு குறைந்த இரண்டில் ஒன்றில் உண்டு, ஒன்றில் இல்லை. அவ்விரண்டையும், "பள்ளி செல்லும் பிள்ளை உண்டா?" என்று கேட்டு மறுபடி பிரிக்கின்றது. பிள்ளை உள்ள வீட்டில் உண்டு, மற்றதில் இல்லை. இவ்வாறு கிளை கிளையாக மரம் வளர்கின்றது. கேள்விகளை நாம் வரிசைப்படுத்தவில்லை. எதை முதலில் கேட்டால் பிழை குறையும் என்று இயந்திரமே கணக்கிட்டு அறிகின்றது.

ஒரு மரம் தவறலாம். ஆதலால் அந்த நால்வருள் ஒருவரான லியோ பிரைமன் 2001ஆம் ஆண்டு ஒரு புது வழி சொன்னார். விவரங்களைப் பலவாறு கலைத்தெடுத்து நூற்றுக்கணக்கான மரங்களை வளர்த்து, அவற்றின் பெரும்பான்மை வாக்கை ஏற்பது என்பதே அது. பல மரம் சேர்ந்ததால் அதற்குக் காடு என்றே பெயரிட்டார்.

மனப்பாடமும் அறிவும்

ஆசிரியை கரும்பலகையில் போட்ட கணக்கையே தேர்விலும் கொடுத்தால், மனப்பாடம் செய்தவள் முழு மதிப்பெண் பெறுவாள். எண்ணை மாற்றிக் கொடுத்தால்தான் உண்மை தெரியும். இயந்திரமும் மனப்பாடம் செய்யக்கூடியது. கிளைகளை அளவின்றி வளரவிட்டால், கற்ற வீடுகளில் ஒன்றிலும் பிழையின்றிச் சொல்லும். புது வீட்டைக் காட்டினால் தடுமாறும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதன்றோ?

இதைத் தடுக்க விவரங்களை இரண்டாகப் பிரிக்கின்றனர். 1,13,757 குடும்பங்களில் ஐந்தில் நான்கு பங்கை, அதாவது ஏறத்தாழ 91,000 குடும்பங்களைக் கற்பதற்குத் தருவதாகக் கொள்வோம். எஞ்சியவற்றை மறைத்து வைத்துத் தேர்வுக்குப் பயன்படுத்தலாம். தேர்வில் பெறும் மதிப்பெண்ணே நம்பத்தக்கது.

சோம்பேறி இயந்திரத்தின் மதிப்பெண்

ஆனால் மதிப்பெண்ணிலும் ஒரு சூது உண்டு. ஒன்றுமே கற்காத இயந்திரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த வீட்டைக் காட்டினாலும் "இல்லை, இல்லை" என்றே அது சொல்கின்றது. 2017-18இல் நூற்றுக்கு ஏறத்தாழ 24 வீடுகளில்தான் இணையம் இருந்தது. எனவே அந்தச் சோம்பேறி இயந்திரம் நூற்றுக்கு 76 மதிப்பெண் பெற்றுவிடும்! கிராமங்களில் மட்டும் தேர்வு வைத்தால் 85 பெறும். முதல் வகுப்பில் தேறியதாகச் சான்றிதழே கொடுத்துவிடலாம். ஆனால் இணையம் இருந்த 24 வீடுகளில் அது கண்டறிந்தது எத்தனை? ஒன்றுகூட இல்லை.

ஆகவே, "எத்தனை சரி?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எந்தப் பிழை, யாருக்கு நட்டம்?" என்றும் கேட்க வேண்டும். வசதி இல்லாத வீட்டுக்கு உதவ ஒரு திட்டம் தீட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வசதி உள்ள வீட்டை இல்லை என்று சொன்னால் சிறிது பணம் வீணாகும். வசதி இல்லாத வீட்டை உண்டு என்று சொல்லிவிட்டால், அந்த வீடு பட்டியலிலிருந்தே விடுபட்டுப் போகும். கணக்கில் இரண்டும் ஒரு பிழைதான். வாழ்க்கையில் இரண்டும் ஒன்றல்ல.

சேர்ந்து வருவதும் காரணமாவதும்

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. குளிர்பதனப் பெட்டி உள்ள வீடுகளில் இணையமும் இருப்பது அதிகம் என்று இயந்திரம் கண்டறியலாம். கணிப்பதற்கு அது உதவும். அதற்காக வீட்டுக்கு வீடு குளிர்பதனப் பெட்டி வழங்கினால் இணையம் வந்துவிடுமா? வராது. இரண்டும் வசதியின் அடையாளங்கள். ஒன்று மற்றதற்குக் காரணமன்று. தும்பி தாழப் பறப்பதால் மழை பெய்வதில்லை. இயந்திரம் அடையாளத்தைக் காட்டும். காரணத்தை மனிதரே ஆராய்ந்தறிய வேண்டும்.

காலம் மாறினால்

நாளொரு மேனியாக மாறும் உலகில் பழைய பாடம் பழையதாகிவிடும். 2025ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் தொலைத்தொடர்புக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நூற்றுக்கு 86.3 வீடுகளில் இணைய வசதி இருந்தது. இரண்டு ஆய்வுகளின் முறைகளும் முற்றிலும் ஒன்றல்ல. எனினும் ஏழெட்டு ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் மிகப் பெரிது. 2016ஆம் ஆண்டு முதல் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. ஸ்மார்ட்போன் கிராமங்களிலும் பரவியது. 2020இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடமே செல்போன் வழியாக வந்தது.

2017-18இன் விவரங்களை மட்டும் கற்ற இயந்திரத்தை 2025இல் கேட்டால், செலவு குறைந்த வீடுகளை எல்லாம் இல்லை என்று தள்ளிவிடும். அன்று 76 பெற்ற சோம்பேறி இயந்திரமோ 2025இல் 14 மதிப்பெண்ணைக்கூட எட்டாது. இயந்திரத்திற்கும் ஆண்டுதோறும் புதுப் பாடம் தேவைப்படுகின்றது.

வீடு வேறு, வீட்டிலுள்ள பெண் வேறு

இப்போது நமக்கு நெருக்கமான இடத்திற்கு வந்துவிட்டோம். ஒரு வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன் இருக்கின்றது. காலையில் அது தந்தையோடு வேலைக்குப் போகின்றது. மாலையில் அண்ணன் கையில் இருக்கின்றது. கணக்கெடுக்க வந்தவர், "இந்த வீட்டில் இணையம் உண்டா?" என்று கேட்கிறார். உண்டு என்பதே உண்மையான விடை. இயந்திரமும் அதையே கணித்துச் சொல்லி முழு மதிப்பெண் பெறுகின்றது. ஆனால் அவ்வீட்டுத் தாயும் மகளும் இணையத்தைத் தொட்டதே இல்லை என்பது எந்தக் கட்டத்திலும் எழுதப்படவில்லை.

இது வெறும் கற்பனையன்று. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு, வீட்டை மட்டும் கேட்காமல் ஆளையும் கேட்டது. 15 முதல் 49 வயது வரையுள்ள ஆண்களில் நூற்றுக்கு 57.1 பேர் எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்தியிருந்தனர். பெண்களில் 33.3 பேர் மட்டுமே. கிராமத்துப் பெண்களில் அது 24.6 ஆக இருந்தது. உலகக் கணக்கிலும் 2024இல் ஆண்கள் நூற்றுக்கு 70 பேர் என்றால், பெண்கள் 65 பேரே.

இயந்திரம் எத்தனை கூர்மையானதாயினும், கேளாத கேள்விக்கு விடை சொல்லாது. கேள்வி வீட்டைப் பற்றியதாயின், வீட்டின் கூரைக்கு அடியில் உள்ள ஏற்றத்தாழ்வு அதன் கண்ணுக்குத் தெரியாது. எதைக் கேட்பது, யாரைக் கேட்பது என்று தீர்மானிப்பவர்கள் மனிதர்கள். அவர்களுள் பெண்களும் இருந்தால்தான், "யார் கையில் இருக்கின்றது?" என்னும் கேள்வி தவறாமல் எழும்.

நாம் செய்யக்கூடியவை

இயந்திரம் ஒரு வீட்டை இல்லை என்று சொன்னால் அதை இருவிதமாகக் கொள்ளலாம். இலாபம் தேடும் வணிகர், அங்கே போய்ப் பயனில்லை என்று அடுத்த தெருவுக்குப் போகலாம். பொதுநலம் கருதுவோர், அங்கேதான் முதலில் போக வேண்டும் என்று புறப்படலாம். ஒரே கணிப்பு, இரு வேறு மனங்கள். கணிப்பு என்பது தீர்ப்பாகாது. உதவி எங்கே தேவை என்று காட்டும் முகவரியாக அதைக் கொள்வதே நன்று.

ஆகவே தோழியரே, கணக்கையும் புள்ளியியலையும் கண்டு அஞ்சாமல் கற்போம். சராசரியும் சதவீதமும் தேர்வோடு முடிந்துபோகும் பாடங்களல்ல. நாட்டின் பணம் எந்தத் தெருவுக்குப் போகும் என்பதை அவையும் முடிவு செய்கின்றன. கணக்கெடுக்க வீட்டுக்கு வருவோரிடம் உள்ளதை உள்ளவாறே சொல்லுவோம். நம் வீட்டில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் செல்போனில் ஒரு செய்தியைத் தேடவும், மருத்துவமனை நேரத்தை அறியவும், அரசு விண்ணப்பத்தை நிரப்பவும் பொறுமையாகக் கற்றுக் கொடுப்போம். பெற்றோரையும் அன்போடு வேண்டிக்கொள்கிறோம்: மகனுக்குத் தரும் நேரத்தை மகளுக்கும் தாருங்கள், அவள் எதற்காகக் கேட்கிறாள் என்பதையும் அருகிலிருந்து பாருங்கள்.

இந்த ஆண்டு நாம் ஒருத்தி ஒருவருக்குக் கற்றுக் கொடுத்தால், அடுத்த கணக்கெடுப்பில் அந்த 33.3 என்னும் எண் சிறிதளவேனும் நம்மால் உயரும். அதற்கு இன்றே முயல்வோமாக.